மூப்பன் வைத்த கைநாட்டு மட்டும் போதுமா?

கேள்வி: கேரளத்தின் அட்டப்பாடியில் எங்கள் இருளர் ஊரில் எல்லாக் காரியமும் ஊர்த்தலைவரான மூப்பன் சொல்படிதான் நடக்கும். ஊர் முழுவதற்கும் பொதுவான சமூக வன உரிமையைக் கோர அவர் கைநாட்டு வைத்த கடிதம் போதுமா, வார்டு கிராம சபைக்குப் போக வேண்டுமா?

பதில்: கடிதம் போதாது, வார்டு சபைக்கும் போக வேண்டாம். உங்கள் ஊர்க்கூட்டமே இதற்குரிய சபை. உரிமையைத் தீர்மானிக்கும் பணியைத் தொடங்கும் அதிகாரத்தை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கிராம சபைக்கே கொடுத்திருக்கிறது, வனத்துறைக்கு அல்ல. கேரளத்தில் அந்தச் சபையை ஊர் அளவிலேயே கூட்டுகிறார்கள். பெரிய கூட்டத்தில் உங்கள் குரல் அமுங்கிப்போகாமல் காப்பது இந்த ஏற்பாடுதான்.

ஆனால் ஊரின் வயதுவந்தோர் எல்லோரும் இந்தச் சபையின் உறுப்பினர்கள். பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். 120 பேர் உள்ள ஊரென்றால் 60 பேர், அவர்களில் 20 பெண்கள். எண்ணிக்கைக்காக மட்டும் பெண்களை உட்கார வைக்காதீர்கள். எந்தச் சரிவில் கிழங்கு, எந்த ஓடையோரம் கீரை என்று தினமும் நடந்து அறிந்தவர்கள் அவர்கள். அவர்களைப் பேசவிடாத ஊரின் மனுவில் பாதிக் காடு விடுபட்டுப்போகும்.

சபை 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். மூன்றில் இரண்டு பங்கினர் பழங்குடியினராகவும் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாகவும் இருக்க வேண்டும். மூப்பன் என்பதற்காகவே ஒருவர் அதன் தலைவராகிவிட முடியாது, குழுதான் தேர்ந்தெடுக்கும். இது அவருக்கு வருத்தம் தரலாம். முன்னதாகவே வீட்டுக்குப் போய்ப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

ஏனென்றால் அவர் இல்லாமல் இந்த வேலை நடக்காது. பழைய சுடுகாடு, சாமி இடம், கிணறு எல்லாமே சட்டப்படி சான்றுகள். அவற்றைக் காட்டக்கூடியவர்கள் மூப்பனும், நிலம் சார்ந்த சடங்குகளைச் செய்யும் மண்ணுக்காரனும்தான். எல்லை வரையும்போது இருவரையும் கூட்டிக்கொண்டு நடங்கள். மனுதாரர் அல்லாத முதியவரின் வாக்குமூலமும் எழுத்தில் இருந்தால் சான்றாகும். அப்படியொரு வாக்குமூலத்தைப் பக்கத்து ஊர் மூப்பனிடம் கேளுங்கள். எல்லை அவர்கள் ஊரைத் தொட்டால் இரு குழுக்களும் சேர்ந்து உட்கார்ந்தே ஆக வேண்டும்.

ஊரின் பாரம்பரிய எல்லைக்குள் உள்ள பொதுக் காட்டை, அதாவது சமூக வன வளத்தை, கோருவதற்குப் படிவம் சி. தீர்மானத்தைக் கூட்டத்தில் உங்கள் மொழியிலேயே உரக்கப் படித்த பிறகு கையெழுத்து வாங்குங்கள். சபையின் தீர்மானத்தைப் பரிசீலிக்கும் அரசின் உட்கோட்டக் குழுவிடம் கொடுக்கும்போது ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள்.