பேரங்காடி வருமுன் ஊர் கேட்க வேண்டியவை: கேள்வி பதில்

இராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை செல்லும் சாலையோரத்தில் பெரிய பேரங்காடி ஒன்று அமையவிருப்பதாகச் செய்தி பரவியதை அடுத்து, சுற்றுவட்டார மக்கள் கேட்ட கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற நகரமைப்பு அலுவலர் ஒருவர் அளித்த பதில்கள்.

இவ்வளவு பெரிய கடைக்கு அரசு பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தாதா, ஐயா? (ஆசிரியர், திருப்புல்லாணி)

நடத்த வேண்டிய கட்டாயம் இல்லை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரை, அதாவது ஏறத்தாழ 2.15 லட்சம் சதுர அடியை எட்டினால்தான் சுற்றுச்சூழல் முன் அனுமதியே தேவைப்படும். அவ்வாறு தேவைப்படும் கடைக் கட்டடங்களுக்கும் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே மக்கள் பேசுவதற்குரிய இடம் கிராம சபைதான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் அது கூடுகிறது. கிராம சபைத் தீர்மானம் ஒன்றே அனுமதியைத் தடுத்துவிடாது. விதிக்கு உட்பட்ட கட்டடத்தை ஊருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக எந்த அலுவலரும் மறுக்க இயலாது. ஆனால் அளவும் ஆதாரமும் உள்ள தீர்மானம் கோப்பில் ஏறிவிட்டால், நிபந்தனை விதிக்க நினைக்கும் அலுவலருக்கு அது கைகொடுக்கும்.

எங்கள் மளிகைக் கடைகள் தாக்குப்பிடிக்குமா? (கடைக்காரர், பெரியபட்டினம்)

எண்ணெய், சோப்பு, சோப்புத்தூள் ஆகியவற்றின் விலையில் உங்களால் போட்டியிட முடியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்வோம். உங்கள் வலிமை விலையில் இல்லை. கடன் கணக்கு எழுதும் பற்று நோட்டில் இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அந்நாள்களில் படகுத் தொழிலாளி வீட்டு அடுப்பு எரிவது பெரும்பாலும் தெருமுனைக் கடையின் கடனில்தான். தடைக்காலம் முடிந்து மீன்பாடு கிடைத்த பிறகே கணக்கு மெல்ல நேராகிறது. பேரங்காடியின் பில் கவுண்டரில் இந்த வழக்கத்துக்கு இடமில்லை. கையில் பணம் உள்ள மாதங்களில் வாடிக்கையாளர் அங்கே சென்று, பணமில்லாத மாதங்களில் மட்டும் உங்களிடம் வந்தால், ரொக்க வியாபாரம் போய்க் கடன் வியாபாரம் மட்டுமே உங்களிடம் எஞ்சும். சிறு கடைகளை மூட வைப்பது இதுதான் என்பது என் கணிப்பு. கடை மூடிய பிறகு அடுத்த ஏப்ரலில் அந்தக் குடும்பங்கள் கந்துவட்டிக்காரரின் வாசலில் நிற்கும்.

அனுமதி விண்ணப்பத்தில் இதற்கென ஒரு கட்டமும் கிடையாது. ஆகையால் நீங்களே கணக்கெடுங்கள். மே மாத இறுதியில் நோட்டில் நிலுவை எவ்வளவு, ஆகஸ்ட் இறுதிக்குள் அதில் எவ்வளவு திரும்பியது, எத்தனை குடும்பங்கள் என்று ஒவ்வொரு கடையும் பெயர்களை மறைத்து எழுதித் தரட்டும். முழக்கங்களைவிட அந்தத் தாளுக்கு மதிப்பு அதிகம்.

சாலையோரம் கருவாடு விற்கும் எங்களை அகற்றிவிடுவார்களா? (ஏர்வாடி)

2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கப்படும் வரை வியாபாரிகளை வெளியேற்றக் கூடாது. ஆயினும் அச்சட்டம் நகராட்சி, பேரூராட்சி போன்ற நகர்ப்புற அமைப்புகளுக்கே உரியது. ஊராட்சி எல்லையில் அமர்ந்திருப்போர், அம்மா, தங்கள் இடத்தைக் கிராம சபைத் தீர்மானத்தில் பெயர் சொல்லிப் பதிவு செய்துகொள்வதே பாதுகாப்பு.

வேலைவாய்ப்பு கிடைக்கும் என்கிறார்களே? (கல்லூரி மாணவி, கீழக்கரை)

கிடைக்கும். எத்தனை பேருக்கு, நிரந்தரமா ஒப்பந்தமா, உள்ளூராருக்கு எத்தனை என்பதை எழுத்தில் கேளுங்கள். கடை ஊழியருக்கு இருக்கை வசதி தர வேண்டும் என்பது 2021 முதல் தமிழகத்தில் சட்டம். அதையும் சேர்த்தே கேட்கலாம்.

சாலை தாங்கும் என்று போக்குவரத்து அறிக்கை வந்தால் என்ன செய்வது? (சேதுக்கரை இளைஞர்)

எந்த நாளில் வண்டிகளை எண்ணினார்கள் என்று கேளுங்கள், தம்பி. சாதாரண செவ்வாய்க்கிழமையில் எண்ணினால் எந்தச் சாலையும் தாங்கும். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் சேதுக்கரைக்கு நீராட வருவோரின் பேருந்துகளும் வேன்களும் திருப்புல்லாணியில் திரும்பும்போது எண்ணச் சொல்லுங்கள். சரக்கு லாரிகள் எந்த நேரத்தில், எந்த வாசல் வழியாக வரும் என்பதும் வரைபடத்தில் இருக்க வேண்டும்.

தண்ணீருக்கு ஆபத்து உண்டா? (குடும்பத் தலைவி, களிமண்குண்டு)

என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விட முதலில் கவனிக்க வேண்டியது இதுவே. நம் கரையில் மணலைத் தோண்டி, ஊறும் நீரைச் சிரட்டையால் மெல்ல அள்ளிக் குடத்தில் ஊற்றும் பெண்களுக்கு இதன் காரணம் தெரியும்: மழைநீர் நன்னீராக மேலே மிதக்கிறது, அதற்கடியில் உவர்நீர் நிற்கிறது. ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார் வைத்து இடைவிடாமல் இழுத்தால் உவர்நீர் மேலேறிவிடும், பக்கத்து ஊற்றுகளும் கெடும். எனவே கடைக்கு நீர் எங்கிருந்து வரும், நாளொன்றுக்கு எவ்வளவு, கழிவுநீர் எங்கே போகும் என்ற மூன்றுக்கும் எழுத்துப்பூர்வமான பதில் பெறுங்கள்.

மழைநீர் வழியும் அவ்வளவே முக்கியம். மனையில் கிராவல் கொட்டி மேடாக்கினால், ஐப்பசி கார்த்திகை மழையில் கண்மாய்க்குப் போக வேண்டிய நீர் வீடுகளுக்குள் புகும். நிலத்தின் எல்லையைக் காட்டும் புலப்படத்தையும், நில விவரங்கள் அடங்கிய அ-பதிவேட்டையும் எடுத்து, அந்தச் சர்வே எண்ணிலோ அதன் ஓரத்திலோ கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் இருக்கிறதா என்று பாருங்கள். கடை தரப்பு தாக்கல் செய்த வரைபடம் வேண்டுமென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்துடன் மனு கொடுங்கள். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். அந்தக் கால அளவைக் கணக்கிட்டு, அடுத்த கிராம சபைக்கு முன்பே மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.