பதில்: மெஸ்ஸுக்கு தினம் ஒரு லாரித் தண்ணி, எங்கே போகுது?

200 பேர் சாப்பிடுற மெஸ்ஸுக்கு தினம் 12,000 லிட்டர் லாரி ஒண்ணு காலியாகுதுன்னு எழுதியிருந்தீங்க. தண்ணி அளக்குற மீட்டர் அப்புறம் வாங்கலாம் சார். முதல்ல ராத்திரி கடை சாத்தும்போது மேல்தொட்டியில ஒரு குச்சியை விட்டு நனைஞ்ச உயரத்தைக் குறிச்சுக்குங்க. மோட்டார் போடாம காலையில திரும்ப அளங்க. தொட்டி 2 மீட்டருக்கு 2 மீட்டர்னா, 1 செ.மீ. இறங்கினாலே 40 லிட்டர் போச்சு. எங்க கடையில 9 செ.மீ. இறங்கியிருந்தது. ஆள் இல்லாத நேரத்துல 360 லிட்டர்! ஃபிளஷ் டேங்க் வால்வுதான் திருடன்.

அடுத்தது பாத்திரம் கழுவுற குழாய். 10 லிட்டர் வாளி 40 நொடியில நிறைஞ்சா நிமிஷத்துக்கு 15 லிட்டர். மூணு மணி நேரம் திறந்தே கிடந்தா 2,700. தட்டுல ஒட்டின மிச்சத்தை வழிச்சுட்டு, ஒரு தொட்டியில தேய்ச்சு அடுத்ததுல அலசச் சொல்லுங்க. குழாய் முனையில ஏரேட்டர் (காத்தைக் கலந்து தண்ணியைக் குறைச்சு விடுற சின்ன சல்லடை மூடி) மாட்டுங்க. கழுவுறவர் முனகுவார், பத்து நாள்ல பழகிடும். குடிதண்ணி சுத்தம் பண்ணுற ஆர்ஓ மெஷினோட கழிவுத் தண்ணியைத் தரை துடைக்கத் திருப்பிடுங்க.

நீங்க கேட்ட ‘நீர்த் தடம்’, அதாவது ஒரு பொருளை விளைவிச்சுத் தயாரிக்க ஆகுற மொத்தத் தண்ணி, இதைவிடப் பெருசு. ஒரு கிலோ அரிசிக்கு உலக சராசரியா சுமார் 2,500 லிட்டர் ஆகுது, அதுல மழைத் தண்ணியும் சேர்த்தி. அதனால ராத்திரி கொட்டுற சோத்தையும் ஒரு வாரம் எடை போட்டுப் பாருங்க.