மனநல மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் புற்றுநோய்ப் பரிசோதனை: சிஸ்டரிடம் கேளுங்கள்

(சேலத்தில் மனநலப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸ் நான். என்னிடம் வந்த கேள்விகளில் சில.)

அக்காவுக்கு 42 வயது, மனச்சிதைவு. கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள். யாராவது தொட்டாலே கத்துவாள். விட்டுவிடலாமா சிஸ்டர்? – அம்மாபேட்டை

விட வேண்டாம்ப்பா. அதற்காக இழுத்துக்கொண்டும் போக வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அசிட்டிக் அமிலத்தை (வினிகரில் இருப்பதுதான்) பஞ்சில் தொட்டுக் கர்ப்பப்பை வாயில் வைத்து, ஒரு நிமிடம் கழித்துப் பார்ப்பார்கள். சந்தேகமான இடம் வெளுத்துத் தெரியும். வெளுத்ததெல்லாம் புற்றுநோய் இல்லை. அடுத்த பரிசோதனை வேண்டும், அவ்வளவுதான்.

பயமுறுத்துவது உள்ளே வைக்கும் கருவிதான். "எனக்குள்ள மிஷின் வெச்சிருவாங்க" என்று நம்பிய ஒரு அம்மாவுக்கு, முதல் நாள் அந்த அமிலப் பாட்டிலை மட்டும் முகரக் கொடுத்தோம். "ஊறுகாய் வாசம்" என்றார். இன்னொரு நாள் கருவியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்றாவது தடவைதான் படுத்தார். அக்காவுக்கும் கூட்டம் குறைந்த நேரம், பெண் நர்ஸ், பக்கத்தில் நீங்கள் என்று இருக்கட்டும். அவள் "நிறுத்து" என்றால் நிறுத்திவிட வேண்டும். காய்ச்சலுக்குப் பார்க்கப் போகிறோம் என்று பொய் மட்டும் சொல்லாதீர்கள். அப்புறம் மாத்திரை வாங்கக்கூட வரமாட்டாள்.

செலவு? – ஆத்தூர்

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். வாய், மார்பகமும் பார்ப்பார்கள்.

தம்பி மனச்சிதைவுக்குக் குளோசபின் மாத்திரை சாப்பிடுகிறான். எஸ்டேட் வேலை, ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி. நிறுத்தச் சொல்லலாமா? – ஏற்காடு

சொல்லுங்கள். ஆனால் நிறுத்தும் முன்பே மனநல டாக்டரிடம் தெரிவித்துவிடுங்கள். பீடிப் புகை அந்த மருந்தை உடம்பில் சீக்கிரம் கரைத்துவிடும். புகை நின்றால் அதே மாத்திரை ரத்தத்தில் கூடிப்போகும்: அளவுக்கு மீறிய தூக்கம், எச்சில் வடிதல், வலிப்பு கூட வரலாம். டாக்டர் அளவைக் குறைத்துக் கொடுப்பார். பீடிக்குப் பதில் புகையிலை மெல்லலாமே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது வாய்ப்புற்றுக்கு வழி. வெறும் பாக்கும் அப்படித்தான். மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் நுழைக்கச் சொல்லுங்கள். நுழையாவிட்டாலோ, கன்னத்தின் உள்ளே வெள்ளைத் திட்டு இருந்தாலோ மலையிறங்கிப் பல் டாக்டரைப் பாருங்கள்.

அம்மா மார்பில் கட்டி என்கிறார். டாக்டர் தொட்டே பார்க்காமல் "மனசுதான் காரணம்" என்றார். – கொண்டலாம்பட்டி

இதைக் கேட்டால் இன்னமும் எனக்குக் கோபம்தான் வருகிறது. மனநோய் இருக்கிறவருக்கும் கட்டி வரும். உடல் நோயாளிக்குச் சமமாக இவருக்கும் மருத்துவம் தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. இந்த வாரமே வேறு டாக்டரிடம் காட்டுங்கள். கட்டி எப்போதிலிருந்து, எந்தப் பக்கம், என்னென்ன மாத்திரை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அதில் ரிஸ்பெரிடோன் இருந்து, மார்பில் பால் மாதிரி கசிந்தால் அதையும் சொல்லுங்கள். அந்த மருந்தாலும் அப்படி வரும். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். "தொட்டுப் பாருங்க டாக்டர்" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.