பழியைப் புல்லின் மேல் போடாதீர்கள்

கேள்வி: புல் மட்டுமே மேய்ந்த மாட்டின் கறி என்று கேட்டு, கூடுதல் விலை கொடுத்து ஸ்டேக் வாங்கினேன். அரை அங்குலத் துண்டுகள். சாறு உள்ளேயே நிற்கட்டும் என்று பெரிய தீயில் பக்கத்துக்கு ஐந்து நிமிடம் போட்டெடுத்தேன். மெல்லவே முடியவில்லை. புல் மேய்ந்த மாட்டுக் கறியே முரடுதானா? இன்னும் நான்கு துண்டு ஃப்ரீசரில் கிடக்கிறது.

பதில்: அரை அங்குலத் துண்டைப் பெரிய தீயில் பத்து நிமிடம் வைத்தால் எந்த மாட்டுக் கறியும் முரடாகத்தான் போகும்.

தானியம் தின்று வளர்ந்த மாட்டின் தசைக்குள் கொழுப்பு இழை இழையாக ஓடியிருக்கும். கறி கொஞ்சம் கூடுதலாக வெந்துவிட்டாலும் அந்தக் கொழுப்பு உருகி ஈடுகட்டிவிடும். மேய்ந்து வளர்ந்த மாட்டில் அது குறைவு. அதனால் சீக்கிரம் வேகும், சீக்கிரம் வறண்டும் போகும். இரண்டு நிமிடம் அசந்தால் போச்சு.

அப்புறம், சாற்றைப் பூட்டும் அந்த நம்பிக்கையை இன்றோடு விட்டுவிடுங்கள். 19ஆம் நூற்றாண்டில் லீபிக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் பரப்பிய கருத்து அது. தவறென்று எப்போதோ தெரிந்துவிட்டது. கறியைச் சட்டியில் போட்டதும் ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் வருகிறதே, மேல்புறம் நன்றாகச் சிவந்த பிறகும் அது நிற்கிறதா? வெளியே வரும் சாறு ஆவியாகிற சத்தம்தான் அது. மேல்புறத்தைச் சிவக்க வைப்பது ருசிக்காக, பூட்டுவதற்காக அல்ல.

கறியின் நடுப்பகுதி 65 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தசைநார்கள் இறுகிச் சாற்றைப் பிழிந்து தள்ளிவிடும். அமெரிக்க வேளாண் துறை சொல்லும் பாதுகாப்பு அளவு 63 டிகிரி, பிறகு 3 நிமிடம் ஆறவிடுவது. 52, 53 டிகிரியிலேயே இறக்கிவிடுகிறவர்கள் நிறைய. கறி அப்போதுதான் மிக மிருது என்பதும் உண்மை. ஆனால் கர்ப்பிணிகளோ முதியவர்களோ சிறு குழந்தைகளோ சாப்பிடுகிற வீட்டில் 63க்குக் குறைக்காதீர்கள். எப்படியானாலும் கறியில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். கூடுதல் விலைக் கறியைக் கண்ணளவில் சமைக்க வேண்டாம்.

அடுத்த முறை ஒன்றரை அங்குலக் கனத்தில் வெட்டித் தரச் சொல்லுங்கள். ரிப் ஐ, டெண்டர்லாயின் போன்ற முதுகுப்பக்கக் கறியாகப் பாருங்கள். அங்கே தசைக்கு வேலை குறைவு. நடந்து நடந்து உரமேறிய தொடையும் காலும் குழம்புக்குத்தான் சரி. வெட்டிய பிறகு எத்தனை நாள் குளிரில் தொங்கவிட்டார்கள் என்றும் கேளுங்கள். இரண்டு மூன்று வாரம் என்றால் நல்லது. கறியிலேயே இருக்கும் நொதிகள் நாரைத் தளர்த்தியிருக்கும். கொழுப்பு மஞ்சளாக இருந்தால் கிழட்டு மாடு என்று ஒதுக்கிவிடாதீர்கள், பசும்புல்லில் உள்ள கரோட்டின் தரும் நிறம் அது.

சரி, ஃப்ரீசரில் கிடப்பவை. முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உறைவு விடவிடுங்கள், வெந்நீரில் போடாதீர்கள். மறுநாள் உப்புத் தடவி, மூடாமல் ஒரு மணி நேரம் திரும்பவும் ஃப்ரிட்ஜிலேயே வையுங்கள். மெல்லிய துண்டுக்கு உள்ளே குளிர்ந்திருப்பது நல்லது, நடுப்பகுதி அவசரப்பட்டு வேகாது. ஈரத்தை ஒற்றியெடுத்து, கனமான இரும்புச் சட்டி புகையக் காய்ந்ததும் போடுங்கள். ஒன்றரை நிமிடம், திருப்பிப் போட்டு இன்னொரு ஒன்றரை நிமிடம். அப்போதே தெர்மாமீட்டரைப் பக்கவாட்டில் குத்திப் பாருங்கள். தட்டுக்கு மாற்றி ஐந்து நிமிடம் தொடாமல் விட்டு, நார் ஓடும் திசைக்குக் குறுக்கே மெல்லிசாக வெட்டிப் பரிமாறுங்கள்.