கை நடுங்கினால் குடித்ததாக அர்த்தமா?

கேள்வி: இரவு வேலை முடிந்து திரும்பும்போது, பின்விளக்கு எரியவில்லை என்று போலீஸார் என் காரை நிறுத்தினார்கள். எனக்குக் குடிப்பழக்கமே கிடையாது. ஆனால் போலீஸைக் கண்டாலே கை கால் உதறும். உரிமத்தை எடுக்கும்போது கீழே போட்டுவிட்டேன், பேச்சும் திக்கியது. கோட்டில் நடக்கச் சொன்னார்கள், தடுமாறினேன். கருவியில் மூன்று முறை ஊதியும் சரியாக வரவில்லை. குடித்துவிட்டு ஓட்டியதாகவும், சோதனைக்கு ஒத்துழைக்க மறுத்ததாகவும் வழக்குப் போட்டிருக்கிறார்கள். ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிடு என்கிறார் அண்ணன். என்ன செய்வது?

பதில்: ஒப்புக்கொள்ளாதீர்கள். அண்ணன் உங்கள் அலைச்சலைக் குறைக்க நினைக்கிறார், புரிகிறது. ஆனால் அபராதம் ஒரு நாளில் முடிந்துவிடும். தண்டனைப் பதிவு உரிமம், காப்பீடு, வேலை எல்லாவற்றிலும் கூடவே வரும்.

போதைக்கான சட்ட வரம்பு நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹால், அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் 0.08 சதவீதம், அதாவது 80 மி.கி. அளவு கையில் இருந்தால் வாதம் அதைச் சுற்றியே நடக்கும். உங்கள் வழக்கில் அந்த எண்ணே இல்லை. அதனால்தான் நடுங்கிய கையையும் திக்கிய பேச்சையும் சாட்சியாக நிறுத்துகிறார்கள். பயந்தவருக்கும் குடித்தவருக்கும் இவை ஒரே மாதிரிதான் இருக்கும் என்பதை நீதிமன்றத்தில் காட்ட வேண்டும்.

கோட்டில் நடக்கும் சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் வகுத்த முறைப்படி, குதிகாலோடு விரல் ஒட்ட ஒன்பது அடி போய், திரும்பி, ஒன்பது அடி வர வேண்டும். கவனிக்க வேண்டிய பிழைகள் எட்டு. அதில் இரண்டு தெரிந்தாலே தோல்வி. சொல்லி முடிப்பதற்குள் நடக்கத் தொடங்குவது ஒரு பிழை, கையை விரித்துச் சமாளிப்பது இன்னொன்று. சீக்கிரம் முடிந்தால் போதும் என்று பதறுகிறவர் முதலில் செய்வதே இந்த இரண்டும்தான்! சாலை சரிவா, காலில் என்ன செருப்பு, முகத்தில் டார்ச் அடித்தார்களா என்பதெல்லாம் குறுக்கு விசாரணைக்கு உதவும்.

எனக்கு அதிகக் கவலை தருவது ஊதும் சோதனைதான். கருவிக்கு நீளமான, சீரான மூச்சு தேவை. பதற்றத்தில் நெஞ்சு அடைத்து மேல்மூச்சு வாங்குகிறவரால் அப்படி ஊத முடியாது. கருவி மூச்சு போதவில்லை என்று காட்டும், அறிக்கையிலோ மறுத்தார் என்று ஏறிவிடும். பல நாடுகளில் தகுந்த காரணமின்றி மறுப்பதே தனிக் குற்றம். நீங்கள் மறுக்கவில்லை, முயன்றீர்கள். மூன்று முறை ஊதியதே அதற்குச் சான்று. ஒவ்வொரு முயற்சிக்கும் கருவியில் பதிவான நேரத்தையும் மூச்சின் அளவையும் வழக்கறிஞர் மூலம் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், போலீஸ் வண்டியிலோ சட்டையிலோ கேமரா இருந்திருந்தால் அந்தப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி இன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். நாளானால் அழிந்துவிடக்கூடும். அன்று நடந்ததை, யார் என்ன சொன்னார் என்பது வரை, மறப்பதற்குள் எழுதி வைத்து வழக்கறிஞரிடம் மட்டும் கொடுங்கள். பதற்றத்துக்கு முன்பே மருத்துவரைப் பார்த்ததுண்டா? அந்தப் பழைய சீட்டு மிக முக்கியம். வழக்குக்குப் பிறகு வாங்கும் சான்றிதழுக்கு அந்த மதிப்பு இருக்காது.

இனி எப்போதாவது நிறுத்தினால் கையை ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு, "எனக்குப் பதற்றம் வரும், மூச்சு நிதானமாக ஒரு நிமிடம் கொடுங்கள். சோதனைக்கு மறுக்கவில்லை" என்று மட்டும் சொல்லுங்கள். ஊத வரவில்லை என்றால் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போகும்படி நீங்களே கேளுங்கள்.