திருகோணமலையில் வீட்டுக்குச் சோலார் போட யோசிக்கிறேன். மற்ற மின்சாரத்தோடு ஒப்பிட்டால் அதில் என்ன குறை?

சோலார் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. உப்புவெளியில் எங்கள் வீட்டுக் கூரையிலும் இருக்கிறது. ஆனால் நீங்கள் குறையைக் கேட்டிருக்கிறீர்கள், விற்க வருகிறவர் அதைச் சொல்லமாட்டார். ஆகவே அதையே சொல்கிறேன்.

முதல் குறை நேரம். மற்றவை பெரும்பாலும் அதிலிருந்து கிளைப்பவைதான். பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலும் பெரியவர்கள் வேலையிலும் இருக்கிற காலை 11 மணிக்கு பேனல் வாரி வழங்கும். நாட்டில் மின் தேவை உச்சத்துக்குப் போவதோ மாலை 6.30க்கும் இரவு 10.30க்கும் நடுவில். அப்போது பேனல் கூரையில் சும்மா கிடக்கும். நுரைச்சோலை நிலக்கரி நிலையம் இரவு பகல் பார்ப்பதில்லை. விக்டோரியா நீர்த்தேக்கத்தில் பகலில் தண்ணீரை மறித்து வைத்து இரவில் திறக்கலாம். மன்னாரில் காற்றாலைகளும் இயற்கையை நம்பித்தான் நிற்கின்றன, ஆனால் காற்று இருட்டிலும் வீசும். வீட்டு ஜெனரேட்டருக்குச் சத்தம், புகை, செலவு எல்லாம் உண்டு. ஆனாலும் கேட்ட நேரத்தில் ஓடும். டீசல் கிடைத்தால், அதாவது. 2022 வரிசைகளை யார் மறந்தார்கள்?

அடுத்தது, பலர் போட்ட பிறகுதான் அறிகிற விஷயம். கரண்ட் போனால் சாதாரண சோலாரும் சேர்ந்து போய்விடும், நல்ல வெயில் எறித்தாலும்கூட. மின்கம்பத்தில் வேலை செய்கிறவருக்கு உங்கள் கூரையிலிருந்து மின்சாரம் பாய்ந்து அடித்துவிடக் கூடாது என்பதற்காக, லைனில் மின் இல்லை என்று கண்டதும் இன்வேட்டர், அதாவது பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கேற்ற மின்சாரமாக மாற்றும் பெட்டி, தானாகவே நின்றுவிடும். அது பழுது இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். கரண்ட் போனாலும் வீட்டில் லைட் எரிய வேண்டுமென்றால் பற்றரியும் அதற்கேற்ற ஹைபிரிட் இன்வேட்டரும் வேண்டும். அங்கேதான் கணக்கு மாறுகிறது. பேனல் 25 வருடம் உழைக்கும் என்பது பொதுவாக உண்மை, வருடத்துக்கு அரை வீதம் போலத்தான் திறன் குறையும். ஆனால் ஈய அமிலப் பற்றரி நாலைந்து வருடம் தாண்டினாலே பெரிய விஷயம். லித்தியம் நின்று பிடிக்கும், விலையும் அப்படியே. இன்வேட்டரையும் இடையில் ஒருமுறையாவது மாற்ற வேண்டிவரும். கொட்டேஷனில் 'போட்ட காசு இத்தனை வருடத்தில் திரும்பி வந்துவிடும்' என்று போட்டிருக்கும் வரியில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கூரையிலிருந்து லைனுக்கு நாம் விற்கிற மின்சாரத்துக்கான விலையும் நம் கையில் இல்லை. 2016இல் தொடங்கிய திட்டத்தில் முதல் 7 வருடத்துக்கு யூனிட்டுக்கு 22 ரூபாய், பிறகு 15.50 ரூபாய் என்றார்கள். நெருக்கடிக்குப் பிறகு வந்த ஒப்பந்தங்களுக்கு 37 ஆக ஏறியது, 2024இல் 27க்கு இறங்கியது, பிறகு இன்னும் இறங்கியது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்கு வருகிற காசைப் பார்த்து உங்கள் வரவைக் கணக்குப் போடாதீர்கள்.

அதோடு, பகல் மின்சாரம் இப்போது நாட்டுக்கே சில வேளை சுமையாகிவிட்டது. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், தொழிற்சாலைகள் பூட்டியிருந்ததால் தேவை விழுந்து, கூரைச் சோலாரைப் பிற்பகல் 3 மணி வரை நிறுத்தி வைக்கச் சொல்லி மின்சார சபை கேட்டது. அதே வருடம் பெப்ரவரி 9, ஒரு ஞாயிறு, பாணந்துறை உபநிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்டதை எல்லோரும் சிரித்துப் பகிர்ந்தார்கள். குரங்கைவிட முக்கியமான காரணம் ஒன்று இருந்தது. நிலக்கரி, நீர் மின் நிலையங்களின் பெரிய சுழலிகள் கனத்தோடு சுழல்வதால் திடீர் அதிர்ச்சியைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும், சோலாருக்கு அந்தச் சுழலும் கனம் கிடையாது. தேவை குறைந்த ஞாயிறு பகலில் சோலாரின் பங்கு கூடியிருந்தபடியால் ஒரு தட்டிலேயே எல்லாம் சரிந்தது.

இனி எங்கள் ஊர் விஷயம். கடலோரம் என்றால் உப்பு. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சாதாரண நட்டும் போல்ட்டும் கறள் பிடித்துப் போகும். துருப்பிடிக்காத எஃகு போல்ட், அலுமினியச் சட்டம் என்று எழுத்தில் கேளுங்கள். பேனல் ஐஇசி 61701 என்கிற உப்புப் பனிச் சோதனையில் தேறியதா என்றும் கேளுங்கள். எங்களுக்குப் பொருத்திய கம்பனி இதைப் பற்றி வாயே திறக்கவில்லை, நாங்களே பிறகு போல்ட்டுகளை மாற்றினோம். வெயில் கூடினால் மின்சாரமும் கூடும் என்பதும் முழு உண்மை இல்லை. பேனல் 25 பாகைக்கு மேல் சூடேறும் ஒவ்வொரு பாகைக்கும் 0.3 முதல் 0.4 வீதம் வரை திறன் குறையும். நண்பகலில் அது 60 பாகை வரை போகும், அப்படியென்றால் பத்து வீதத்துக்கு மேல் சூட்டிலேயே போய்விடும். அப்புறம் மாரி. கார்த்திகை, மார்கழியில் முகில் மூடிய நாட்களில் பாதிகூட வராது. 2020 டிசம்பரில் புரேவிப் புயல் கரை தொட்டது எங்கள் மாவட்டத்தில்தான். கூரையில் பேனலை எப்படி இறுக்கியிருக்கிறார்கள் என்பது இங்கே சின்ன விஷயம் இல்லை. பழைய அஸ்பெஸ்டஸ் சீற் கூரை என்றால் முதலில் கூரை தாங்குமா என்று பாருங்கள்.

இதெல்லாம் இருந்தும், பகலில் மின்சாரம் செலவழிக்கிற இடத்துக்கு, விருந்தினர் விடுதி, தையல்கடை, ஐஸ் வைக்கிற மீன்கடை போன்றவைக்கு, நான் யோசிக்காமல் போடச் சொல்வேன். பகலில் பூட்டிக் கிடந்து இரவில் ஏசி ஓடுகிற வீட்டுக்கு அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன்.

ஒன்று மட்டும் காசு கட்டுமுன் செய்யுங்கள். உங்கள் தெரு ட்ரான்ஸ்போமரில் இன்னும் சோலார் சேர்க்க இடம் இருக்கிறதா என்று உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் கேளுங்கள். ஒரே தெருவில் பலர் போட்டால் நண்பகலில் வோல்டேஜ் ஏறி இன்வேட்டர் அடிக்கடி ட்ரிப் ஆகும், நல்ல வெயில் நேரம் முழுக்க வீணாகும். இடமில்லை என்றால் விண்ணப்பமே இழுபடும், பேனல் வீட்டுக்கு வந்து இறங்கிய பிறகு அதை அறிவதில் பயனில்லை.