பள்ளித் திருப்பலியும் நம் பிள்ளைகளும்

கேள்வி: நாங்கள் இந்துக்கள். கத்தோலிக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கும் மகள், திருப்பலி எனும் வழிபாட்டில் தோழிகளோடு வரிசையில் போய் நற்கருணை அப்பத்தை வாங்கிவிட்டாள். தவறா?

பதில்: பிள்ளையைத் திட்டாதீர்கள். வகுப்பே எழுந்து போகும்போது அவளும் போயிருக்கிறாள். ஆனால் இனி வாங்கக் கூடாது. அது கோயில் பிரசாதம்போல வந்தவர்க்கெல்லாம் தருவதல்ல. கிறிஸ்துவின் உடல் என்பது கத்தோலிக்கர் நம்பிக்கை. திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்று, மறைக்கல்வி படித்து, புதுநன்மை எனும் முதல் நற்கருணை வாங்கிய பிள்ளைகளே பெறுவார்கள். வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் தண்ணீர், மருந்து தவிர எதுவும் உட்கொள்வதில்லை.

மற்றவர்கள் போகும்போது இடத்திலேயே உட்கார்ந்திருக்கச் சொல்லுங்கள். பெஞ்சின் நடுவில் இருந்தால் வழிவிட எழுந்து, அப்படியே வரிசையோடு போய்விடுவாள். அதனால் சுவரோரம் உட்கார வைக்கும்படி வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். சில பள்ளிகளில் கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிச் சென்றால் குருவானவர் ஆசீர் மட்டும் தருவார். தப்பித்தவறி அப்பம் கைக்கு வந்துவிட்டால் பையில் போடாமல், அங்கேயே குருவானவரிடம் திருப்பித் தரட்டும். இது முக்கியம்.

திருப்பலிக்கே அனுப்ப விருப்பமில்லையென்றால் எழுதிக் கொடுங்கள். அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் பள்ளி, பெற்றோர் சம்மதமின்றிப் பிள்ளையை வழிபாட்டில் பங்கேற்கக் கட்டாயப்படுத்த முடியாது. அரசியலமைப்பின் 28(3) பிரிவு அது.

கேள்வி: நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) எனும் புராட்டஸ்டன்ட் சபையினர். மகன் வாங்கலாமா?

பதில்: அவன் ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கிறது. ஆனாலும் பள்ளித் திருப்பலியில் நற்கருணை வாங்க இயலாது. மரண ஆபத்து போன்ற அவசர நிலைக்கு மட்டுமே, சில நிபந்தனைகளோடு, விலக்கு உண்டு.